ஆள் வந்தால் ஒழுங்காக நடக்கும் அம்பு

இமாஸ் ரொஸ்திகாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். போனில் யாராவது "மவுஸ் சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் போதும்.

"சரியில்லைன்னா? அம்பு நகரவே மாட்டேங்குதா? விட்டு விட்டு நகருதா? இல்ல, நீங்க கிழக்கே போனா அது மேற்கே போகுதா? டாக்டர்கிட்டப் போய் உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்குவீங்களா?" என்று எகிறுவாள். எகிறி முடித்த கையோடு, "சாப்பிட்டாச்சா? இல்லையா? போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறையும் அவளைத்தான் கேட்பார்கள்.

பாண்டுங் நகரில், சிச்சாதாஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒரு சிறிய கம்பெனியில் அவளுக்கு வேலை. எம்ப்ராய்டரி மெஷின்களுக்கு டிசைன் போடும் ‘மெலாத்தி’ என்ற புரோகிராமை எழுதி விற்கிறார்கள். எழுதுகிறவர்கள் உள்ளறையில், ஏசிக் குளிரில். விற்ற பிறகு வருகிற திட்டுகளை வாங்கிக்கொள்ள வெளியறையில் இமாஸ், ஒரு மின்விசிறியோடு. இந்த ஏற்பாட்டில் அவளுக்கு வருத்தமே கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு கம்ப்யூட்டரோடு பேசத் தெரியும், மனிதர்களோடு பேச வராது என்பது அவள் கட்சி. அது உண்மையும்கூட.

அவள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. அதன்பின் கொஞ்ச காலம் ஓர் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் குண்டு உருளும். தெருப் பையன்களுக்கு அதன்மேல் அப்படி ஓர் ஆசை. ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு எழுந்து போகிறவன் சட்டைப் பையில் குண்டோடு போய்விடுவான். வாசலில் நின்று ஒவ்வொருவன் பையையும் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் இமாஸின் முதல் உத்தியோகம். குண்டு போன மவுஸுக்கு வேறொன்றிலிருந்து குண்டு மாற்றுவது, உள்ளே சுற்றிக்கொண்ட தலைமுடியை ஊசியால் எடுப்பது, திரையில் அம்பு தள்ளாடும் விதத்தைப் பார்த்தே எந்த உருளையில் அழுக்கு என்று சொல்வது எல்லாம் அங்கே பழகியதுதான். கர்சர் என்ற பெயர் அவளுக்குத் தெரியும். ஆனால் எம்ப்ராய்டரிக்காரர்கள் அதை அம்பு என்றார்கள். அவளும் அம்பு என்றே வைத்துக்கொண்டாள்.

அவள் தீர்த்து வைத்த கேஸ்கள் கம்பெனியில் பிரபலம். காருட் ஊரில் ஓர் அம்மாளுக்கு அம்பு குதித்துக் குதித்து ஓடியது. மவுஸ் மாற்றினார்கள், கம்ப்யூட்டரையே மாற்றினார்கள், மந்திரித்துத் தண்ணீர்கூடத் தெளித்தார்கள். இமாஸ் போனிலேயே கேட்டாள்: "மவுஸுக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?" அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை. வழவழவென்று, தங்க எழுத்துப் போட்டு. தூக்கிப்போட மனசு வராமல் மவுஸுக்கு விரிப்பாக்கியிருந்தார்கள். தங்க எழுத்தின்மேல் மவுஸின் வெளிச்சம் பட்டுச் சிதறும்போதெல்லாம் அம்புக்குப் பேய் பிடித்தது. "பத்திரிகையைத் திருப்பிப் போடுங்க. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் ஆயிடாது" என்றாள் இமாஸ். தீர்ந்தது.

இப்படி எத்தனையோ. அதனால் அம்பு விஷயத்தில் தன்னை ஏமாற்ற ஆள் இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போதாக்குறைக்குப் புதிய மெலாத்தியில் அவளே சண்டை போட்டுச் சேர்க்க வைத்த வசதி ஒன்றும் இருந்தது. பூத்தையல் வீடுகளில் கண் மங்கிய பெண்கள் நிறையப் பேர். திரையில் அம்பு எங்கே இருக்கிறது என்று தேடியே பாதிப் பொழுது போகும். "அம்பைப் பெருசாக்குங்கப்பா" என்று உள்ளறைக் கதவைத் தட்டித் தட்டி, ரெஸ்தூ என்ற இளைஞனை எழுத வைத்துவிட்டாள். புரோகிராமைத் திறந்ததும் எல்லோருக்கும் பெரிய அம்பு. ஊர் ஊராகப் போன் போட்டுப் பாராட்டினார்கள். பாராட்டெல்லாம் தனக்குத்தான் என்று ரெஸ்தூ ஒரு கணமும் நினைத்துவிடாதபடி பார்த்துக்கொண்டாள்.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தாசிக்மலாயாவிலிருந்து லிலிஸின் போன் வந்தது.

பக்கத்து ஊரான கவாலுவில், தெருவுக்குத் தெரு எம்ப்ராய்டரி வீடுகள். அவற்றில் பேர்போன ஒன்று, ஹஜ் போய் வந்ததால் எல்லோரும் இபு ஹாஜா என்று மரியாதையாக அழைக்கும் எனொக் அம்மாளுடையது. தொழுகையின்போது பெண்கள் தலையோடு போர்த்திக்கொள்ளும் வெள்ளை முக்கெனாவில் பூ வேலை செய்வது அந்த வீட்டின் விசேஷம். லிலிஸ் அங்கே நூல் நறுக்குகிற பெண்ணாகச் சேர்ந்தவள். நறுக்கிய நேரம் போகப் பழைய டிசைன்களைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, இபு ஹாஜாவே அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அந்த நாற்காலிதான் அவளுக்குச் சொர்க்கம். போனில் பேசும்போதே அது தெரியும்.

"தெத்தே, மன்னிச்சுக்கங்க, ஒரு சின்ன விஷயம்தான்" என்றாள் லிலிஸ். அந்தப் பக்கத்தில் அக்கா முறைக்குத் தெத்தே, சின்னப் பெண்ணுக்கு நெங். இமாஸுக்கு ஊரெல்லாம் தங்கச்சிகள்.

"சின்ன விஷயமா பெரிய விஷயமான்னு நான் சொல்றேன். என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மட்டும்... அம்பு ஒரு இடத்துல நிக்குது, தையல் அதுக்குப் பக்கத்துல விழுது. ஆனா பரவாயில்லை தெத்தே. நான் பார்த்துப் பார்த்துச் சரி பண்ணிக்கிறேன்."

அந்த வட்டாரத்துச் சுண்டா ஜனங்களோடு பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கு உரை தேவையில்லை. ‘பரவாயில்லை’ என்றால் வீடு பற்றி எரிகிறது என்று பொருள். குடைந்து கேட்டதில் மெதுவாக வெளிவந்தது. இரண்டு முறை டிசைன் பிசகி, இலையெல்லாம் காம்பை விட்டு விலகி, முக்கெனாக்கள் வீணாகியிருக்கின்றன. பெருநாளுக்குப் போக வேண்டிய சரக்கு. இன்னொரு தடவை இப்படி ஆனால் டவுனிலிருந்து படித்த பையன் ஒருவனை வைத்துக்கொள்வதாகவும், லிலிஸ் பழையபடி நூல் நறுக்கலாம் என்றும் இபு ஹாஜா சொல்லிவிட்டார்.

"திட்டினாங்களா?"

"திட்டல தெத்தே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

அது இன்னும் மோசம் என்று இமாஸுக்குத் தெரியும்.

முதலில் பாண்டுங்கிலிருந்தே லிலிஸின் திரையைத் தன் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். அம்பு சமர்த்தாக நடந்தது. தொட்ட இடத்தில் தையல். மவுஸ் எதன்மேல் ஓடுகிறது என்று கேட்டாள். துணிமேல். கண்ணாடி கிடையாது, பத்திரிகை கிடையாது. போனை வைத்த மறுநாளே லிலிஸ் மறுபடி அழைத்தாள், மறுபடி மன்னிப்பு, மறுபடி இலை விலகிவிட்டது, நல்லவேளையாகத் துணிக்குப் போகும் முன்பே பார்த்துவிட்டாள்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினாள். நாக்ரெக் ஏற்றத்தில் மூச்சு வாங்கி வாங்கி பஸ் கவாலு போய்ச் சேர்ந்தபோது, "பாண்டுங்லேருந்து விருந்தாளி வந்தாச்சு!" என்று இபு ஹாஜா வாசலிலிருந்தே முழங்கினார். தேநீர், பஜ்ஜி, வாழைப்பழம். அரை நாள் கழித்துத்தான் கம்ப்யூட்டர் இருந்த மூலையறைக்கே விட்டார்கள். லிலிஸ் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, மெள்ள மெள்ள, ஸ்கூல் பிள்ளை படம் போடுவதுபோல ஒரு பூ போட்டுக் காட்டினாள். எல்லாம் சரியாக விழுந்தது. பூ மட்டும் கொஞ்சம் கோணல்.

"பாத்தீங்களா" என்றார் இபு ஹாஜா, புன்னகையோடு. "மெஷின்ல குறை இல்லை. பிள்ளைக்குக் கவனம் போதலை. பாவம், களைச்சுப்போயிருக்கும்."

லிலிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். வெறுங்கையோடு ஊர் திரும்பியது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டில் சாதம்கூட இறங்கவில்லை. அவள் கணவன் என்செப் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். மனைவி வாய் மூடி இருப்பதைக் கண்டால் அவனுக்குக் குஷி தாங்காது.

"என்னடி, அம்பு டாக்டருக்கே ஜுரமா?"

"சும்மா இரு. நான் பாக்கிறப்போ எல்லாம் ஒழுங்கா நடக்குது. நான் நகர்ந்தா கோளாறு."

"இதுல என்ன அதிசயம்? தினம் பாக்கிறேன். வழியெல்லாம் கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு வந்த வண்டி, என் கடை வாசல்ல வந்து நின்னா பூனை மாதிரி உறுமும். வண்டிக்கு வெக்கம்னு நெனைக்காதே. ஓட்டுறவன் எனக்கு முன்னாடி நல்லபிள்ளையா ஓட்டிக் காட்டுறான். அவன் தெருவுல ஓட்டுற மாதிரி ஓட்டச் சொன்னாத்தான் சத்தம் வரும்."

"அவ எனக்கு முன்னாடி என்னத்தை நல்லபிள்ளையா ஓட்டணும்? மவுஸைப் பிடிக்கிறதுல என்ன நாகரிகம் இருக்கு?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள். ஆனால் வார்த்தை காதில் தங்கிவிட்டது.

மறுபடி கவாலுவுக்குப் போனபோது நோன்புக்கு முந்தைய வாரம். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாளாகப் பார்த்து வரச்சொல்லியிருந்தார் இபு ஹாஜா. காலை முழுக்க அதே கதை. லிலிஸ் பூ போட்டாள், அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. இமாஸ் மவுஸ் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் இடது பக்கத்தில் சொருகியிருந்த ஒயர் கீபோர்டைத் தாண்டி வலது பக்கம் வரமுடியாமல் விறைப்பாக நின்றது. "இந்த ஒயரே உன்னைப் பிடிச்சு இழுக்கும் போல இருக்கே" என்றாள். லிலிஸ் சிரித்தாள்.

மதியம் கூடத்தின் நடுவே நீளமாக வாழையிலை விரித்துச் சோறு, கருவாடு, பச்சைக் காய்கள், மிளகாய்ச் சம்பல் எல்லாம் கொட்டி, இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிரிப்பும் கிண்டலும் காதைக் கிழித்தன. இமாஸின் எதிரில் லிலிஸ். அவளுக்குப் பின்னால் தைத்து முடித்த முக்கெனாக்கள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. தேநீர்த் தட்டோடு வந்த பெண்ணின் கால் இலை நுனியில் தடுக்கியது. தட்டிலிருந்து ஒரு கிளாஸ் எகிறி, நேரே அந்த வெள்ளை அடுக்கை நோக்கிப் போனது.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை லிலிஸ். இடது கை பக்கவாட்டில் பறந்து போய் கிளாஸை நடுவழியிலேயே பிடித்துவிட்டது. முக்கெனாமேல் ஒரு சொட்டு இல்லை. கூடமே கைதட்டியது. "கோல்கீப்பர்!" என்று ஒருத்தி கத்தினாள்.

எல்லோரும் சிரிக்க, பிடித்தவள் மட்டும் முகம் வெளிறிப்போய், திருடிய பொருளை மறைக்கிறவள்போல அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

இமாஸ் பாதிச் சோற்றில் எழுந்தாள். "கை கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நேரே மூலையறைக்குப் போனாள். மேஜையைக் குனிந்து பார்த்தாள். கீபோர்டுக்கு வலப்பக்கம் மவுஸ் இருந்தது, அதன் துணிவிரிப்பும் இருந்தது. விரிப்பைத் தூக்கினால் அடியில் தேநீர்க் கிளாஸ் வைத்த வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று, பழைய கறை. தினம் மவுஸ் ஓடுகிற இடத்தில் எவளாவது கிளாஸ் வைப்பாளா? இடப்பக்கம் பார்த்தாள். அங்கே மரம் தேய்ந்து வழுவழுவென்று மின்னியது.

"தெத்தே." வாசலில் லிலிஸ் நின்றாள். கையில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது. வலது கையில்தான்.

"நெங், கதவைச் சாத்து" என்றாள் இமாஸ். "நீ நொட்டாங்கையா?"

லிலிஸுக்கு உடனே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்று ஆட்டினாள்.

"சாப்பிடுறது, குடுக்கிறது, வாங்கிறது எல்லாம் சோத்தாங்கையாலதான் தெத்தே. சத்தியமா. எழுதக்கூட மாத்திக்கிட்டேன். வீட்டுல துணியை வச்சுக் கட்டிப்போட்டுப் பழக்கினாங்க. ஆனா கோடு இழுக்கணும்னா, பூ போடணும்னா, சோத்தாங்கைக்கு வரவே மாட்டேங்குது. தனியா இருக்கிறப்போ மவுஸை இந்தப் பக்கம் வச்சுக்குவேன். யாராவது வந்தா மாத்திடுவேன். உங்க முன்னாடி எப்படி நொட்டாங்கையால... நீங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க."

"ஐயோ என் கண்ணே! பாண்டுங்லேருந்து உன் திரையைப் பார்த்தேனே, அதுல உன் கையா தெரிஞ்சுது?"

"கை தெரியாது. அம்பு தெரியுமே."

"அம்புல என்ன?"

லிலிஸ் மவுஸை இடப்பக்கம் எடுத்துப்போனாள். கம்ப்யூட்டர் அமைப்புக்குள் நுழைந்து, பழகிய வேகத்தில் எதையோ தட்டினாள். திரையில் அம்பு திரும்பி நின்றது. எல்லோருடைய அம்பும் இடப்பக்கம் சாய்ந்து மூக்கை நீட்டும். இது வலப்பக்கம் சாய்ந்து நின்றது, கண்ணாடியில் பார்த்ததுபோல.

"இடது கைக்காரங்களுக்குன்னு இப்படி ஒண்ணு உள்ளேயே இருக்கு தெத்தே. தேடிக் கண்டுபிடிச்சேன். மத்த அம்பு யாரோ எதிர்ல நின்னு விரலை நீட்டுற மாதிரி இருக்கும். இது என் விரல் மாதிரியே இருக்கும்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது.

"சரி, இப்போ ஒரு இலை போடு. எனக்கு முன்னாடி போடுற மாதிரி இல்ல. யாரும் இல்லாதப்போ போடுவியே, அப்படி."

லிலிஸ் தயங்கினாள். இமாஸ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு மெதுவாகத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். அப்படி ஒரு கோட்டை அவள் இதுவரை எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. நிறுத்தாமல், யோசிக்காமல், வளைந்து போய்த் திரும்பி வந்தது. ஆனால் அம்பின் மூக்கு காம்பைத் தொட்ட இடத்தில் தையல் விழவில்லை. ஒரு விரற்கடை இடதுபக்கம் தள்ளி விழுந்தது. இலை காம்பை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது.

"எப்போலேருந்து இப்படி?"

"புது மெலாத்தி வந்ததுலேருந்து. பெரிய அம்பு வந்துச்சே, அப்போலேருந்து."

இமாஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பெரிய அம்பு. அவள் கதவைத் தட்டித் தட்டி வாங்கிய அம்பு. போனை எடுத்து ரெஸ்தூவைக் கூப்பிட்டாள்.

"ரெஸ்தூ, பெரிய அம்பை எப்படிப் போடுறே?"

"கம்ப்யூட்டர்ல என்ன அம்பு இருக்கோ அதோட படத்தை எடுத்துப் பெருசாக்கி, நாமே வரையிறோம் தெத்தே. ஏன்?"

"அதோட மூக்கு எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கா? படத்தோட இடது மேல் மூலைதான்."

"எல்லா அம்புக்குமா?"

"அம்புன்னா அப்படித்தானே இருக்கும்?"

"இல்லைப்பா ராசா. மூக்கு வலது மூலையில இருக்கிற அம்பும் இருக்கு. அந்த அம்பு வச்சிருக்கிறவ தொடுறது ஒரு இடம், நீ தையல் போடுறது வேற இடம்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மூக்கு எங்கன்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டிருக்கலாம் தெத்தே. அதுவே சொல்லும். நாங்க கேக்கல" என்றான் ரெஸ்தூ, செத்த குரலில். "ஆனா அப்படியெல்லாம் யாரு அம்பு வச்சிருக்காங்க?"

"வச்சிருக்காங்க. நீயும் நானும் பார்க்கலை. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணி அனுப்பு. அதுவரைக்கும் நான் பெரிய அம்பை அணைச்சு வைக்கிறேன்."

அமைப்பில் ஒரு தட்டு தட்டிப் பெரிய அம்பை அணைத்தாள். சாய்ந்த சின்ன அம்பு தொட்ட இடத்தில் தையல் விழுந்தது. கோளாறு தீர்ந்தது. மற்ற நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். ஆனால் லிலிஸ் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெத்தே, புரோகிராம்ல தப்புன்னு மட்டும் சொல்லுங்க. கையைச் சொல்லிடாதீங்க. நாம போடுறது முக்கெனா. தொழுறப்போ போர்த்திக்கிறது. இபு ஹாஜாவுக்கு அந்தப் பூவெல்லாம் நொட்டாங்கை போட்டதுன்னு தெரிஞ்சா..."

இமாஸ் யோசித்தாள். நம்முடைய தப்பு, நாமே ஒப்புக்கொள்வோம், இதில் இந்தப் பெண்ணின் கை எதற்கு என்று பட்டது. சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

சாப்பிட்ட வாழையிலையைச் சுருட்டி, கூடம் பெருக்கி முடிந்தபின், எல்லோரும் இருக்கும்போதே இபு ஹாஜா முன்னால் போய் உட்கார்ந்தாள். "இபு, தப்பு எங்க மேலதான். புதுசா நாங்க போட்ட பெரிய அம்புல கோளாறு. அதுவும் நான் கேட்டுப் போட வச்சது. லிலிஸ் மேல எந்தக் குத்தமும் இல்லை."

இபு ஹாஜா அவளைக் கனிவாகப் பார்த்தார்.

"தெத்தே, உங்க மனசு தங்கம். ஆனா இந்தத் தெரு முழுக்க மெலாத்திதான் ஓடுது. எல்லாருக்கும் பெரிய அம்பு. யாருக்கும் இலை விலகலை. என் வீட்டுல மட்டும் விலகுதுன்னா? சின்னப் பிள்ளையைக் காப்பாத்த உங்க மேல பழி போட்டுக்கிறீங்க. உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் செய்வேன். ஆனா பெருநாள் சரக்கு போகணுமே." அவர் லிலிஸ் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. "நெங், நாளையிலேருந்து நீ கூடத்துலயே உக்காந்துக்க. அந்தப் பையனுக்குச் சொல்லி அனுப்பிடுறேன். உனக்கும் கண்ணுக்கு ஓய்வு."

இமாஸுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பத்து வார்த்தையில் உடைத்துவிடலாம். வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு லிலிஸைப் பார்த்தாள்.

லிலிஸ் நூல் நறுக்கும் பெண்களைப் பார்த்தாள். அவர்களுக்கு நடுவே அவளுக்காக யாரோ ஏற்கெனவே இடம் விட்டு நகர்ந்திருந்தார்கள். அவள் அங்கே போகவில்லை.

"இபு, கொஞ்சம் உள்ளே வந்து பாருங்க" என்றாள்.

இபு ஹாஜா வந்தார். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். லிலிஸ் உட்கார்ந்து மவுஸை இடப்பக்கம் வைத்தாள். பெரிய அம்பைத் திரும்பப் போட்டாள். அது வலப்பக்கம் சாய்ந்து நின்றது. எல்லோர் முன்னாலும் இடது கையால் ஓர் இலை போட்டாள். இலை விலகி விழுந்தது. பெரிய அம்பை அணைத்தாள். அதே கையால், அதே வேகத்தில் இன்னொரு இலை. காம்போடு ஒட்டிக்கொண்டது. அதற்கு மேலே ஒரு மொட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு பூ. கை நிற்கவே இல்லை.

"அடியே, நொட்டாங்கையாலயா!" என்று வாசலில் யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

"மத்தவங்க அம்பு வேற, என் அம்பு வேற. அதான் இங்க மட்டும் விலகுச்சு" என்றாள் லிலிஸ், திரையைப் பார்த்தபடியே. "மன்னிச்சுடுங்க இபு. எல்லாப் பூவும் இந்தக் கைதான் போட்டுது. முதல்லேருந்தே."

இபு ஹாஜாவின் முகத்தில் இருந்த புன்னகை போய்விட்டது. இமாஸ் அந்த முகத்தைப் புன்னகை இல்லாமல் பார்ப்பது இதுவே முதல் தடவை. அவர் திரையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், மடித்து வைத்த ஒரு முக்கெனாவோடு திரும்பி வந்தார். புதுசு இல்லை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. ஓரம் முழுக்கக் கொடியோடு மல்லிகைப் பூ.

"இதுவுமா?"

"அதுதான் இபு, நான் முதல்ல போட்டது."

"இதைப் போர்த்திக்கிட்டுத்தான் நான் அஞ்சு வேளையும் நிக்கிறேன்" என்றார் இபு ஹாஜா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இமாஸ் தானே ஏதாவது பேசித் தொலைக்கலாமா என்று வாயெடுத்தபோது, தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து, பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டது.

இபு ஹாஜா அந்த முக்கெனாவைக் கதவில் மாட்டிவிட்டு, தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலமாரியில் புது முக்கெனாக்கள் எத்தனையோ அடுக்கியிருந்தன. திரும்பி வந்தவர் அந்தப் பக்கம் போகவில்லை. கதவில் மாட்டிய பழையதையே எடுத்துத் தலைவழியே போட்டுக்கொண்டார். முகத்தைச் சுற்றி மல்லிகைக் கொடி வந்து உட்கார்ந்தது. கண்ணாடி பார்க்காமல் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு, தொழும் இடத்துக்கு நடந்தவர், மூலையறை வாசலில் மட்டும் ஒரு நொடி நின்றார்.

"நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள அந்த விலகிப்போன இலையைக் காம்போட சேர்த்து வை நெங். எந்தக் கையாலன்னு நான் கேக்கலை."

லிலிஸ் அழுதாளா சிரித்தாளா என்று சொல்வது கஷ்டம். இமாஸ் இரண்டையும் செய்தாள், அதுவும் சத்தமாக. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்து, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே சட்டமாக உட்கார்ந்தாள். வெளியூர் விருந்தாளி, வயதில் மூத்தவள், ஒரு முழ தூரத்தில். லிலிஸ் மவுஸை இடம் மாற்றவில்லை.